சுமைதாங்கிக் கல்: உடம்பில் தங்கிய மனவடுவை இறக்கி வைத்தல்

பழைய நடைபாதைகளில், ஊருக்கும் சந்தைக்கும் நடுவே, இரண்டு கல்தூண்களை நட்டு மேலே குறுக்காக ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர் யார் துணையும் இல்லாமல், குனியாமல், சுமையை அதன்மேல் நகர்த்தி வைத்துவிடலாம். களைப்பு ஆறியதும் தலையைக் கொடுத்து மறுபடி வாங்கிக்கொள்ளலாம். அதுதான் சுமைதாங்கி. தமிழ்நாட்டு ஊர்களிலும் யாழ்ப்பாணத்திலும் இன்றும் சிலவற்றைப் பார்க்கலாம். பிள்ளை பெறாமலே இறந்துபோன கர்ப்பிணியின் நினைவாக அவள் வீட்டார் நட்ட கற்கள் அவற்றில் பல. வயிற்றுச் சுமையை இறக்க முடியாமல் போனவள் பெயரில், வழியே போகிறவர்கள் எல்லாம் சுமை இறக்க ஓர் இடம்.

அந்தக் கல்லின் உயரத்தைக் கவனியுங்கள். சுமையைத் தரையில் போட்டுவிட்டால் தனியாளாகத் தூக்க முடியாது. தலையிலேயே வைத்திருந்தால் கழுத்து ஒடியும். அதனால்தான் தலைக்கும் தரைக்கும் நடுவே கல்லை வைத்தார்கள். மனக்காயத்தை உடம்பின் வழியாக ஆற்றுவதற்கும் இந்த உயரம்தான் கணக்கு. எல்லாவற்றையும் இன்றைக்கே கொட்டித் தீர்த்துவிட வேண்டும் என்று உட்காருகிறவர் பல சமயம் முன்னைவிடக் கலங்கிப்போய் எழுந்திருக்கிறார். கொஞ்சம் இறக்கி, மூச்சு வாங்கி, மறுபடி கொஞ்சம் இறக்குகிறவருக்குத்தான் நாளடைவில் பாரம் குறைகிறது. இந்த அத்தியாயத்தின் பயிற்சிகள் எல்லாம் இந்த ஒரு கணக்கின்மேல் அமைந்தவை.

உடம்பு எதை வைத்திருக்கிறது?

பயத்தில் வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்கிறோம். ஈரக்குலை நடுங்கியது, தொண்டை அடைத்தது, நெஞ்சில் பாரம் ஏறியது, கை கால் ஓடவில்லை என்கிறோம். இவை வெறும் பேச்சுக்குச் சொல்பவை என்று எண்ண வேண்டாம். ஆபத்தைக் கண்டதும் அட்ரினலின் சுரந்து இதயம் விரைகிறது. குடலுக்குப் போகும் ரத்தம் குறைந்து கை கால் தசைகளுக்குப் போகிறது. வயிறு கலங்குவது அதனால்தான். ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடம்பு ஆயத்தமாகிறது. இரண்டுக்கும் வழியில்லாதபோது அப்படியே உறைந்துவிடுகிறது.

ஆபத்து விலகியதும் இந்த ஆயத்தம் தணிய வேண்டும். பெரும்பாலானோருக்குத் தணிந்துவிடுகிறது. சிலருக்கு, குறிப்பாகத் தப்பிக்க வழியே இல்லாமல் மாட்டிக்கொண்டவர்களுக்கும் சின்ன வயதிலேயே அடிபட்டவர்களுக்கும், அது தணியாமல் நின்றுவிடுகிறது. விபத்து நடந்து 5 வருடம் ஆகியிருக்கும். லாரி ஹாரன் கேட்டால் இன்றும் தோள் காதுவரை ஏறும். அடித்த கணவர் இறந்தே போயிருப்பார். கதவு படாரென்று சாத்தினால் இவருக்கு மூச்சு நின்று வரும். நடந்தது முடிந்துவிட்டது என்று மனதுக்குத் தெரியும். உடம்புக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை.

உடம்பில் தங்கிய வலி என்று இந்த நூலில் நான் சொல்வது இதைத்தான். தசைக்குள் துக்கம் கட்டியாக உறைந்திருப்பதாகவும் அதைப் பிழிந்து வெளியேற்ற வேண்டும் என்றும் சிலர் சொல்வார்கள். அப்படி எண்ணினால் பிழிகிற வேகத்தில் காயம்தான் பெரிதாகும். உண்மையில் தங்கியிருப்பது காவல் நிற்கிற பழக்கம். தாடையைக் கடிப்பது, வயிற்றை உள்ளிழுத்துப் பிடிப்பது, மூச்சை நெஞ்சின் மேற்புறத்திலேயே நிறுத்திக்கொள்வது, தூக்கத்திலும் கையை முறுக்கி வைப்பது எல்லாம் அந்தக் காவலின் அடையாளங்கள். பழக்கத்தைப் பிடுங்கி எறிய முடியாது. காவல் நிற்கத் தேவையில்லை என்று உடம்புக்கு அன்றாடம் காட்டிக் காட்டித்தான் மாற்ற முடியும்.

மருத்துவ உலகம் இதை உணர நாளாயிற்று. முதலாம் உலகப் போரில் குண்டுவெடிப்புக்குத் தப்பிய சிப்பாய்களில் சிலருக்கு மேலே காயமே இல்லை. ஆனால் பார்வை மங்கியது, நினைவு தப்பியது. ஆங்கில மருத்துவர் சார்லஸ் மையர்ஸ் 1915-இல் இதை ‘ஷெல் ஷாக்’ என்று எழுதினார். தாங்க முடியாத உணர்ச்சியை அடக்குவதற்கு மனிதர் தசையையே கவசமாக்கிக்கொள்கிறார் என்று வில்ஹெல்ம் ரைக் 1930-களில் சொன்னார். தசையை வேண்டுமென்றே இறுக்கிப் பிறகு தளர்த்தும் பயிற்சியை அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929-இல் நூலாக்கினார். உடம்பின் உணர்வைச் சிறுசிறு அளவாகத் தொட்டு மீளும் முறையைப் பீட்டர் லெவின் 1997-இல் வெளியான தம் நூலால் பரப்பினார்.

உடம்பு வழியாக ஆற்றும் முறைகளுள் சோதித்துப் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பெசல் வான் டெர் கோல்க் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு அது. மனவடு நோய்க்கான வேறு சிகிச்சைகளில் குணமாகாத 64 பெண்களில் ஒரு பகுதியினருக்கு வாரம் ஒரு மணி நேரம், 10 வாரம், மனவடு உள்ளவர்களுக்கென்றே மென்மையாக அமைத்த யோகா சொல்லிக்கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு உடல்நலம் பற்றிய வகுப்பு. முடிவில் யோகா செய்த 31 பேரில் 16 பேர் அந்த நோயின் வரையறைக்கு வெளியே வந்திருந்தார்கள். மற்ற 29 பேரில் அப்படி வந்தவர்கள் 6 பேர். சிறிய ஆய்வுதான், ஆனால் நம்பிக்கை தருகிறது. யோகா செய்த பாதிப்பேருக்கு அது போதவில்லை என்பதையும் சேர்த்தே மனதில் வையுங்கள்.

யாழ்ப்பாணமும் நாகப்பட்டினமும்

மனவடு என்ற சொல்லை நமக்குப் பழக்கியவர்கள் ஈழத்து உளநலப் பணியாளர்கள். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வேலை செய்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இதுபற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அவரிடம் வந்தவர்கள் ‘எனக்கு மனவடு’ என்று சொல்லிக்கொண்டு வரவில்லை. தலையிடி, நெஞ்சுப் படபடப்பு, உடம்பு நோவு, பெருமூச்சு என்று வந்தார்கள். உடம்பின் மொழியில் வந்தவர்களுக்கு உடம்பின் வழியாகவே உதவ அவரும் அவரோடு இருந்தவர்களும் வழி தேடினார்கள். புதிதாக எதையும் இறக்குமதி செய்யத் தேவைப்படவில்லை. மூச்சுப் பயிற்சி, சாந்தி ஆசனம், எண்ணெய் தேய்த்துப் பிடித்து விடுவது, அவரவர் சமயத்துக்கு ஏற்ற ஜெபம் எல்லாம் ஊரிலேயே இருந்தன. சைவருக்கு ஓம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, இஸ்லாமியருக்கு திக்ர். எந்தச் சொல்லானாலும் ஒரே சொல்லை மெல்ல மெல்லத் திரும்பச் சொல்லும்போது வெளிமூச்சு நீள்கிறது, மனம் பற்றிக்கொள்ள ஒரு கொழுகொம்பு கிடைக்கிறது.

இன்னொரு சான்று கடலோரத்தில் கிடைத்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, நாகப்பட்டினம் பகுதியின் 5 முகாம்களில் 183 பேரோடு ஒரு குழு வேலை செய்தது. சில முகாம்களில் யோக மூச்சுப் பயிற்சி மட்டும், சில முகாம்களில் அதோடு நடந்ததைப் பேசவைக்கும் சிகிச்சையும் கொடுத்தார்கள். சிகிச்சை பெறாமல் காத்திருந்தவர்களோடு ஒப்பிட்டபோது இரண்டு பிரிவினருக்கும் 6 வாரத்தில் அறிகுறிகள் நன்றாகவே குறைந்திருந்தன. முகாம் முகாமாகப் பிரித்தார்களே தவிர சீட்டுக் குலுக்கிப் பிரிக்கவில்லை; அதனால் இதை முடிந்த முடிபு என்று கொள்ளக்கூடாது. ஆனாலும் வீடும் பிள்ளைகளும் போன நிலையில் இருந்தவர்களுக்கு, நடந்ததை வார்த்தையாக்குவதற்கு முன்பே மூச்சு கைகொடுத்திருக்கிறது.

வற்புறுத்திப் பேசவைப்பதால் தீமையும் வரலாம். பிரிட்டனில் சாலை விபத்தில் அடிபட்டவர்களை உடனடியாக ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்லவைத்துப் பார்த்தார்கள். 3 வருடம் கழித்து, தொடக்கத்தில் மிகவும் கலங்கியிருந்தவர்களில் அப்படிச் சொல்லவைக்கப்பட்டவர்கள்தான் தேறாமல் இருந்தார்கள். 2000-இல் வெளியான ஆய்வு இது. தரையில் போட்ட சுமை என்று நான் சொன்னது இதைத்தான்.

‘சக்தி’ என்று எதைச் சொல்கிறோம்?

இந்த நூலை எடுத்தவர்களில் பலர் ரெய்கி, பிராண சிகிச்சை, உடம்பின் சில புள்ளிகளில் விரலால் தட்டும் முறை போன்றவற்றைக் கேள்விப்பட்டு வந்திருப்பீர்கள். ரெய்கியை ஜப்பானில் மிகாவோ உசுயி 1922-இல் தொடங்கினார். ஹவாயோ தகாதா 1930-களின் இறுதியில் அதை ஹவாய்க்குக் கொண்டுபோனார். பிரபஞ்ச சக்தி கை வழியாகப் பாய்ந்து அடைப்பை நீக்குகிறது என்பது அவர்கள் சொல்லும் விளக்கம்.

இதுபோன்ற விளக்கத்தைச் சோதித்தவர்கள் உண்டு. உடம்பைத் தொடாமலே அதன் சக்திப் புலத்தைக் கையால் உணர முடியும் என்று சொன்ன சிகிச்சையாளர்கள் 21 பேரை, எமிலி ரோசா என்ற அமெரிக்கச் சிறுமி ஓர் எளிய சோதனைக்கு உட்படுத்தினாள். நடுவே மறைப்பு. அவள் தன் கையை அவர்களின் எந்தக் கைக்கு மேல் பிடித்திருக்கிறாள் என்று அவர்கள் சொல்ல வேண்டும். கண்ணை மூடிச் சொன்னாலே பாதி சரியாக வரும். 280 முறையில் அவர்கள் சரியாகச் சொன்னது 44 சதவீதம்தான். 1998-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஏட்டில் இது வெளியானபோது அவளுக்கு வயது 11. தட்டும் முறைக்கும் இப்படி ஒரு சோதனை நடந்தது. 2003-இல் வெளியான அந்த ஆய்வில், சொல்லப்பட்ட புள்ளிகளில் தட்டியவர்களுக்கும், கையில் வேறு இடங்களில் தட்டியவர்களுக்கும், பொம்மையின்மேல் தட்டியவர்களுக்கும் பயம் ஒரே மாதிரி குறைந்தது. எதுவும் செய்யாதவர்களுக்குக் குறையவில்லை.

இந்தக் கடைசி முடிவை இரண்டு தரம் படியுங்கள். புள்ளியில் ரகசியம் இல்லை. ஆனால் பயத்தை நினைத்துக்கொண்டே கையைச் சீராக அசைத்ததில் பலன் இருந்தது. அதுபோலவே மெதுவான தடவலுக்கு நம் தோலில் தனி நரம்பிழைகள் இருப்பது உறுதியாகக் கண்டறியப்பட்டது. விநாடிக்கு 1 முதல் 10 செ.மீ. வேகத்தில் தடவும்போது அவை மிகுதியாகத் துடிக்கின்றன. குழந்தையின் முதுகைத் தட்டித் தடவித் தூங்கவைக்கிற தாயின் கை ஏறக்குறைய அந்த வேகத்தில்தான் போகிறது. கையைவிட்டுப் பிராணன் பாய்கிறது என்று நினைப்பது உங்களுக்கு ஆறுதல் தருமானால் அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள். இந்த நூலில் நான் உங்களுக்கு உறுதி சொல்வது, வெதுவெதுப்பான கை, மெதுவான அசைவு, குறுக்கிடாத கவனம், போதுமான நேரம் ஆகிய இவற்றை மட்டும்தான்.

தொடங்கும் முன்

1. முதலில் மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சுவலி, படபடப்பு, மூச்சுத் திணறல் என்றால் இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும். ரத்தசோகையும் தைராய்டுக் கோளாறும்கூடப் படபடப்பைத் தரும். சோதிக்காமல் மனவடு என்று முடிவு கட்டாதீர்கள். சாப்பிட்டு வரும் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

2. ஆபத்து இன்னும் வீட்டுக்குள்ளேயே இருந்தால், உடம்பின் எச்சரிக்கை சரியாகத்தான் வேலை செய்கிறது. அதை அமைதிப்படுத்துவதற்கு முன் பாதுகாப்பைத் தேடுங்கள். இந்தியாவில் பெண்களுக்கான உதவி எண் 181.

3. சாகலாம் என்ற எண்ணம் வருகிறவர்கள், இல்லாத குரல் கேட்பவர்கள், அடிக்கடி நினைவு தப்புகிறவர்கள், வலிப்பு உள்ளவர்கள் இந்தப் பயிற்சிகளைத் தனியாகச் செய்ய வேண்டாம். இந்தியாவில் ‘டெலி மானஸ்’ 14416, இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 ஆகிய எண்களில் பேசலாம். பேசுவதற்கு நோய் முற்றியிருக்க வேண்டும் என்று இல்லை.

4. பெரிய காயத்தை முதலில் தொடாதீர்கள். வாழ்க்கையின் மிக மோசமான நாள் 10 என்றால், 3-க்கு மேல் போகாத ஒரு சங்கடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நேற்று பஸ்ஸில் யாரோ முரட்டுத்தனமாகப் பேசியது போதும். மூட்டையைப் பிரித்தாலும் ஆழாக்கு அளந்துதான் எடுக்க வேண்டும்.

பயிற்சி: ஆறு படிகள்

நேரம் 15 முதல் 20 நிமிடம். வயிறு முட்டச் சாப்பிட்டிருக்கக் கூடாது, பசியும் கூடாது. சுவரில் முதுகு சாய்த்து, கதவு கண்ணில் படும்படி உட்காருங்கள். கண்ணை மூடுவது சிலருக்குப் பயம் தரும், திறந்தே இருக்கட்டும். படுத்தால்தான் பலன் என்றும் இல்லை.

*படி 1: கண்.* தலையை மெதுவாகத் திருப்பி அறையைச் சுற்றிப் பாருங்கள். ஜன்னல், நாட்காட்டி, தண்ணீர்ச் சொம்பு என்று கண்ணில் படும் ஐந்து பொருள்களை மனதுக்குள் பெயர் சொல்லுங்கள். இன்றைய தேதியைச் சொல்லுங்கள். உடம்பு அன்றைக்கே நின்றுவிட்டது. கண்ணால் அதை இன்றைக்கு அழைத்து வருகிறோம். கழுத்துத் திரும்பும்போதே சிலருக்குக் கொட்டாவி வரும். நல்ல அறிகுறி.

*படி 2: பாதம்.* இரண்டு உள்ளங்காலையும் தரையில் ஊன்றுங்கள். தரையின் குளிர்ச்சியைக் கவனியுங்கள். குதிகாலால் தரையை 5 விநாடி அழுத்தி விடுங்கள். மூன்று முறை. உட்கார்ந்த இடம் உங்கள் எடையைத் தாங்குவதைக் கவனியுங்கள். நீங்கள் உங்களையே தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

*படி 3: மூச்சு.* பெருமூச்சு விடாதே, குடும்பத்துக்கு ஆகாது என்று கண்டித்த வீடுகள் உண்டு. இங்கே தாராளமாக விடுங்கள். மூக்கால் உள்ளிழுத்து, அதன்மேல் இன்னொரு சின்ன இழுப்பு இழுத்து, வாய் வழியாக நீளமாக விடுங்கள். இந்த இரட்டை இழுப்புப் பெருமூச்சைத் தினம் 5 நிமிடம், ஒரு மாதம் செய்தவர்களின் மனநிலை தேறியதாக ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2023-இல் சொன்னது. நீங்கள் முதல் வாரம் ஐந்தாறு மூச்சு விட்டால் போதும். மூச்சை அடக்க வேண்டாம். வேகமாக இழுத்து விடும் முறைகளும் வேண்டாம். கழுத்து நெரிக்கப்பட்டவர்கள், தண்ணீரில் மூழ்கிப் பிழைத்தவர்கள் ஆகியோருக்கு மூச்சைக் கவனிப்பதே பீதியைக் கிளப்பலாம். அவர்கள் இந்தப் படியை விட்டுவிட்டு, மெல்லிய குரலில் ம்ம் என்று முனகலாம், பிடித்த பாட்டை வாய்க்குள் பாடலாம். வெளிமூச்சு தானாக நீளும்.

*படி 4: இறுக்கமும் தளர்வும்.* வலது கையை முஷ்டியாக 5 விநாடி இறுக்குங்கள். முழு வலுவும் வேண்டாம், முக்கால் போதும். சட்டென்று விட்டுவிட்டு 15 விநாடி அந்தக் கையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். சூடு பரவலாம், விரல்கள் கனக்கலாம். பிறகு இடது கை, தோள்கள், முகம், வயிறு, தொடை, பாதம். ஜேக்கப்சன் காட்டிய வழியின் சுருக்கம் இது. தளர்த்து என்று சொன்னால் தளராத தசை, இறுக்கி விட்டால் தளரும். கர்ப்பிணிகள் வயிற்றை இறுக்க வேண்டாம்.

*படி 5: ஊசலாட்டம்.* இந்த அத்தியாயத்தின் உயிர் இந்தப் படிதான். உடம்பில் இப்போது வசதியாக இருக்கிற, அல்லது ஒன்றுமே தெரியாத ஓர் இடத்தைத் தேடுங்கள். காது மடலாக இருக்கலாம், கால் கட்டைவிரலாக இருக்கலாம். அதுதான் உங்கள் வீடு. அங்கே அரை நிமிடம் இருங்கள். இப்போது அந்த 3 மதிப்புள்ள சங்கடத்தை லேசாக நினையுங்கள். உடம்பில் எங்கே மாறுகிறது? தொண்டை இறுகுகிறதா, வயிறு சுருங்குகிறதா? அந்த இடத்தின் நடுவுக்குள் போகாமல் ஓரத்தில் நின்று 10 விநாடி பாருங்கள். ‘இறுக்கம்’, ‘சூடு’, ‘கனம்’ என்று ஒரே சொல்லில் பெயரிடுங்கள். ஏன் என்று விசாரிக்க வேண்டாம். உடனே வீட்டுக்குத் திரும்புங்கள். அரை நிமிடம் இளைப்பாறுங்கள். மறுபடி ஓரத்துக்குப் போங்கள், திரும்புங்கள். மூன்று தரம், அவ்வளவுதான். போகவும் முடியும், திரும்பி வரவும் முடியும் என்பதை உடம்பு கற்றுக்கொள்வதுதான் இதன் பயன். மாட்டிக்கொண்ட அன்றைக்கு அதற்குத் திரும்பி வர வழி இருக்கவில்லை.

*படி 6: கை.* இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துச் சூடாக்கி, ஒன்றை நெஞ்சிலும் ஒன்றை வயிற்றிலும் வையுங்கள். அழுத்த வேண்டாம். கையின் சூடு துணியைத் தாண்டி இறங்கும்வரை பொறுங்கள். பிறகு முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை ஒரு கையால் மறுகையைத் தடவிவிடுங்கள். ஒரு தடவலுக்கு 8 விநாடி எடுக்கட்டும். முடித்ததும் தண்ணீர் குடியுங்கள், எழுந்து நான்கு அடி நடங்கள். பாத்திரம் கழுவுவது, பூவுக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற கைவேலை ஒன்றைச் செய்யுங்கள். முடிந்த கையோடு போனை எடுக்காதீர்கள்.

நடுக்கமும் கண்ணீரும் வந்தால்

தொடை வெடவெடக்கலாம். ஏப்பம் வரலாம், வயிறு குமுறலாம். காரணமே தெரியாமல் அழுகை வரலாம். பயப்பட வேண்டாம். பாதத்தைத் தரையில் ஊன்றிக்கொண்டு, நடுக்கம் தானாக அடங்கும்வரை விடுங்கள். அதேசமயம், நடுங்கினால்தான் குணம், அழுதால்தான் பலன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமலும் உடம்பு ஆறும்.

காட்சி கண்முன் வந்து நின்றாலோ, உடம்பு மரத்து எல்லாம் தூரத்தில் நடப்பதுபோல் தெரிந்தாலோ, அன்றைக்கு அளவு மீறிவிட்டது என்று பொருள். உடனே நிறுத்துங்கள். எழுந்து நில்லுங்கள். முகத்தில் குளிர்ந்த தண்ணீர் அடித்துக்கொள்ளுங்கள். ஒரு எலுமிச்சையை முகர்ந்து பாருங்கள். உங்கள் பெயரையும் ஊரையும் இன்றைய தேதியையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். கூட இருப்பவரைப் பேசச் சொல்லுங்கள். அடுத்த ஒரு வாரம் முதல் இரண்டு படிகளை மட்டும் செய்யுங்கள். இது தோல்வி ஆகாது. உங்கள் அளவு இன்னதென்று தெரிந்துகொண்டீர்கள்.

மாதக்கணக்கில் தூக்கம் கெட்டு, கனவில் அதே காட்சி வந்து, வேலையும் உறவும் பாதிக்கப்பட்டால் இந்தப் பயிற்சிகள் துணை மட்டுமே. உலக சுகாதார நிறுவனம் 2013-இல் பெரியவர்களுக்குப் பரிந்துரைத்தவை மனவடுவை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தை சிகிச்சையும், கண்ணசைவோடு செய்யும் ‘இ.எம்.டி.ஆர்.’ சிகிச்சையும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் விசாரியுங்கள்.

பிறர் கை

சாவு வீட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, முன்னும் பின்னும் ஆடி ஒப்பாரி வைப்பார்கள். தோள்மேல் தோள் படுகிறது. ஒவ்வோர் அடியும் நீண்ட வெளிமூச்சில் முடிகிறது. ஒருத்தி தளர்ந்தால் இன்னொருத்தி எடுத்துக்கொள்கிறாள். ஒருவருக்கு முழுச் சுமையும் வராதபடி துக்கத்தைக் கூடிச் சுமக்கிற ஏற்பாடு அது. உடல் கிடைக்காத வீட்டில், காணாமல் ஆக்கப்பட்டவரின் வீட்டில், இதற்கு வழி இல்லாமல் போகிறது. துக்கம் வெளியே வர வாசலே கிடைப்பதில்லை. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், பேசச் சொல்லாமல் பக்கத்தில் உட்காருங்கள். தலைக்கு எண்ணெய் வைத்து விடட்டுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். தன் விருப்பம் இல்லாமல் தொடப்பட்டதே காயமாக உள்ளவருக்கு, வேண்டாம் என்ற சொல் மதிக்கப்படுவதே முதல் மருந்து.

சிகிச்சையாளரிடம் போவதானால் ஐந்தைக் கவனியுங்கள். எங்கே தொடப்போகிறார் என்பதை முன்கூட்டியே சொல்லி, ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்க வேண்டும். உடையைக் களையச் சொல்லக் கூடாது. துணைக்கு ஒருவர் உள்ளே இருக்க மறுக்கக் கூடாது. மருந்தை நிறுத்தச் சொல்லக் கூடாது. வலித்தால் அடைப்பு உடைகிறது, தாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லக் கூடாது. இவற்றில் ஒன்று தவறினாலும் எழுந்து வந்துவிடுங்கள். அவர் பேர் பெற்றவரானாலும், முழுப் பணத்தையும் முன்பே கட்டியிருந்தாலும் சரி.

முதல் நான்கு வாரம்

முதல் வாரம்: படி 1, 2 மட்டும். தினம் இரண்டு வேளை, 3 நிமிடம். காலையில் காபிக்கு முன், ராத்திரி படுக்கும் முன்.

இரண்டாம் வாரம்: மூச்சையும் இறுக்கித் தளர்த்துவதையும் சேருங்கள்.

மூன்றாம் வாரம்: கை. ஊசலாட்டம் இன்னும் வேண்டாம்; உடம்பில் ‘வீடு’ எது என்று தேடுவது மட்டும்.

நான்காம் வாரம்: ஊசலாட்டம், வாரம் இரண்டு நாள். 3-க்கு மேல் மதிப்புள்ள எதையும் தொடாமல். அதற்கு மேற்பட்டவை பயிற்சி பெற்ற ஒருவரின் துணையோடு மட்டும்.

ஒரு நோட்டில் தினம் ஒரு வரி எழுதுங்கள்: எத்தனை மணி நேரம் தூங்கினேன், இன்று உடம்பில் எந்த இடம் லேசாக இருந்தது. வலித்த இடத்தை எழுத வேண்டாம். அதை உடம்பு மறக்காது. லேசான இடத்தைத்தான் எழுதி வைக்க வேண்டும். நான்காம் வார முடிவில் புரட்டிப் பாருங்கள். தாடை தானாகத் தளர்ந்த ஒரு மாலை, ஹாரன் சத்தத்துக்குத் தோள் ஏறி உடனே இறங்கிய ஒரு நிமிடம், நடுவில் விழிக்காமல் தூங்கிய ஒரு ராத்திரி அதில் இருக்கலாம். அப்படி எதுவும் இல்லையென்றால் வழியை மாற்ற வேண்டும் என்று பொருள். உங்கள்மேல் குறை என்று பொருள் இல்லை.

சுமைதாங்கியில் சுமையை வைத்தவர் அதை அங்கேயே விட்டுவிட்டுப் போவதில்லை. சுமையில் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டிய சாமானும் இருக்கிறது, வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய அரிசியும் இருக்கிறது. இழந்தவரின் நினைவும் அப்படித்தான் உங்களோடு வரும். கழுத்து ஆறியபின் தூக்கும்போது அது அதே கனமாகத் தெரியாது. இன்று உங்கள் கல் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. பாதத்தைத் தரையில் ஊன்றிப் பாருங்கள்.